போர் ஆதரவுப் படையா, போர்க்கள உதவிப் படையணியா?

அமெரிக்க ராணுவத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் 'போர் ஆதரவுப் படைப்பிரிவு' என்று ஒன்று அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காம்பாட் சப்போர்ட் பிரிகேட் என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். பிரிகேட் என்பது சில ஆயிரம் பேர் கொண்ட படை. எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது? தமிழில் போர் ஆதரவு என்றால் போர் வேண்டும் என்று சொல்வது. போர் ஆதரவாளர், போர் எதிர்ப்பாளர் என்று நாம் தினமும் பேசுகிறோம், எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தில் இருக்கும் வாசகருக்கு 'போர் ஆதரவுப் படைப்பிரிவு எல்லைக்கு அனுப்பப்பட்டது' என்ற வரி என்ன சொல்லும்? போருக்குக் கொடி பிடிக்கும் ஒரு கூட்டம் கிளம்பிப் போனதாகத்தான் சொல்லும்.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரிகேட் என்பது இத்தாலியின் 'பிரிகாட்டா'. கூட்டம் என்று பொருள், அதற்கும் அடியில் 'பிரிகா', அதாவது சண்டை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொள்ளைக்காரனைக் குறிக்கும் 'பிரிகண்ட்' இதே குடும்பம்தான். 17ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் தன் படையை பிரிகேடுகளாக நிறுத்திப் போரிட்டார். காம்பாட் என்பது ஒருவரோடொருவர் அடித்துக்கொள்வது. சப்போர்ட் லத்தீன் சொல், கீழிருந்து சுமப்பது. இவ்வளவுதான்.

சொல்லைவிட அந்தப் படை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம், மொழிபெயர்ப்பவர்கள் அதைத்தான் பார்ப்பதில்லை. ராணுவத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவது நெடுநாள் வழக்கம். நேரே மோதும் காலாட்படையும் டாங்கிப்படையும் ஒன்று. அவர்கள் மோதுவதற்கு வழி செய்யும் பொறியியல் படை, தகவல்தொடர்புப் படை, ராணுவ போலீஸ், வேதியியல் படை போன்றவை இரண்டு. உணவு, எரிபொருள், வண்டி ரிப்பேர், சம்பளம், மருத்துவம் எல்லாம் மூன்று. நம் பேச்சு அந்த இரண்டாவதைப் பற்றி. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 2004 வாக்கில், அமெரிக்கா தன் தரைப்படையை, பல பிரிகேடுகள் அடங்கிய பெரிய படையான டிவிஷன் அடிப்படையிலிருந்து பிரிகேட் அடிப்படைக்கு மாற்றத் தொடங்கியது. அதற்கு முன்பு பொறியியலுக்குத் தனி பிரிகேட், ராணுவ போலீசுக்குத் தனி பிரிகேட் என்று இருந்ததை, ஒரே தலைமையின் கீழ் கலந்து வைக்கும் புதுவகை பிரிகேட் ஒன்றை அப்போது வகுத்தார்கள். அதற்கு முதலில் வைத்த பெயர்தான் காம்பாட் சப்போர்ட் பிரிகேட். கொஞ்ச காலத்திலேயே பெயரை 'மனூவர் என்ஹான்ஸ்மென்ட் பிரிகேட்', அதாவது படை நகர்வுக்கு வலுவூட்டும் பிரிகேட், என்று மாற்றிவிட்டார்கள். இவற்றில் 4ஆவது பிரிகேட், மிசூரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்ட் வுட்டில் இருந்தது. பொறியியல், ராணுவ போலீஸ், வேதியியல் ஆகிய மூன்று பயிற்சிப் பள்ளிகளும் அந்த ஒரே முகாமில்தான் இருக்கின்றன. அங்கே இந்தக் கலவை இயல்பாகவே பொருந்தியது. இன்று இந்த பிரிகேடுகள் பெரும்பாலும் பகுதிநேர வீரர்களைக் கொண்ட தேசியக் காவல் படையிலும் ராணுவ ரிசர்விலும்தான் இருக்கின்றன.

இந்த பிரிகேடுக்கென்று நிரந்தரமாக இருப்பது தலைமையகம், தகவல்தொடர்பு, வழங்கல் பிரிவு போன்ற சிலதான். மற்ற எல்லாம் வேலைக்குத் தகுந்தபடி வந்து சேரும், வேலை முடிந்ததும் பிரிந்து போகும். படைக்குப் பின்னால் உள்ள சாலைகளையும் கிடங்குகளையும் எதிரியிடமிருந்து காப்பது இதன் பெரிய பொறுப்பு. தேவைப்பட்டால் காலாட்படையையே இதன் கீழ் கொடுத்துச் சண்டை போட வைப்பார்கள். பின்னால் இருப்பவருக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதை 2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நசிரியா காட்டியது. வழிதவறி ஊருக்குள் போன ஒரு அமெரிக்க ராணுவப் பராமரிப்புப் பிரிவின் வாகன வரிசை தாக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். அவர்கள் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கே அந்த கதி.

சரி, 'ஆதரவு' வேண்டாம், 'துணை' என்று போடலாமே என்பவர்கள் நிறைய. 'போர்த் துணைப்படை' என்று அடித்துச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் துணைப்படை என்ற வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று பழைய நூல்கள் படையை ஆறாக எண்ணும்போது, துணைப்படை என்பது நட்பு மன்னன் அனுப்பும் படை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் வருகிறது, 1798இல் ஹைதராபாத் நிஜாம் தலையில் கட்டிய அதே திட்டம். அங்கே துணைப்படை என்றால் அரசன் செலவில் நிற்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. இன்றைய செய்தியில் துணை ராணுவம் என்றால் சிஆர்பிஎஃப், தேர்தல் நேரத்தில் தெருவில் அணிவகுத்து வருபவர்கள். இத்தனையையும் தாண்டி நான்காவதாக ஒரு பொருளை அந்தச் சொல் மீது ஏற்றினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அதோடு, துணை என்று முன்னால் போட்டுவிட்டால் துணைத்தலைவர், துணைப்பதிவாளர் போல ஒரு படி கீழே என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் சப்போர்ட்டின் லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு 'தாங்குபடை' என்கிறார்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. அதனாலேயே இதை மறுக்கிறேன். படையைப் பற்றிப் பேசும்போது தாங்குதல் என்பதற்குத் தமிழில் தனிப்பொருள் இருக்கிறது. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்று குறள் சொல்வது எதிரியின் முன்னணிப் படையைத் தடுத்து நிற்பதை. தாங்குபடை என்றால் எதிரியின் அடியை வாங்கி நிற்கும் படை என்றுதான் பொருள்படும். லத்தீன் வேரைத் தமிழில் பெயர்த்துவிட்டுத் தமிழ்ச்சொல்லின் சொந்தப் பொருளை மறந்துபோவது என்ன தமிழ்ப்பற்று? இன்னும் சிலர் 'கூழைப்படை' வரை போகிறார்கள். புறநானூற்றில் தாரும் கூழையும் ஜோடியாக வருகின்றன, தார் முன்னணி, கூழை பின்னணி. ஆனால் பொறியியல் படை பின்னணியில் நிற்பதா?

இதற்கு பெங்களூர் டார்பிடோவைப் பார்த்தால் போதும். 1912இல் அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் உருவாக்கியது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி நீளமாக்கி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்வார்கள். வேலி அறுந்து, ஆள் போக வழி கிடைக்கும். காலாட்படை அதற்குப் பிறகுதான் போகும். 1944இல் நார்மண்டிக் கரையில் அமெரிக்கர்கள் இதைத்தான் முள்கம்பிக்கு அடியில் தள்ளினார்கள். மண்ணோடு மண்ணாகப் படுத்து அந்தக் குழாயைத் தள்ளுகிறவன் காலாட்படைக்கும் முன்னால் இருக்கிறான். இந்திய ராணுவமும் பொறியியல் படையை இந்த இரண்டாவது வகையில்தான் வைக்கிறது. அதே 1944இல் இத்தாலியின் மிக்னானோ அருகே, தன் ஆட்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டு, பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். இவர்களை 'ஆதரவுப் படை' என்று எழுத எப்படி மனம் வருகிறது?

என் பரிந்துரை 'போர்க்கள உதவிப் படையணி'. களத்தில் நடப்பது என்பதைப் 'போர்க்கள' சொல்லிவிடுகிறது. உதவி என்பது கையோடு செய்கிற வேலை, வாயால் சொல்லும் ஆதரவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். வெறுமனே 'போர் உதவி' என்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தரும் பணமும் ஆயுதமும் ஆகிவிடும், அதனால் 'களம்' அவசியம். சொல் நீளமாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும், குழப்பத்தைவிட நீளம் மேல்.

பிரிகேடுக்குப் 'படைப்பிரிவு' என்பதும் ஆகாது. பட்டாலியன், ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன் எல்லாவற்றுக்கும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள். சில நூறு பேரா, பல ஆயிரம் பேரா என்றே தெரியாமல் வாசகர் செய்தியைப் படித்து முடிக்கிறார். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் படைப்பிரிவு என்றால் பெரும்பாலும் டிவிஷன், அதை அப்படியே விட்டுவிடலாம். பிரிகேடுக்குப் படையணி போதும். அது பிடிக்காவிட்டால் பிரிகேட் என்றே எழுதுங்கள், பிரிகேடியரை நாம் அப்படியேதானே வைத்திருக்கிறோம்.

கடைசியாக, மூன்றாவது வகையான காம்பாட் சர்வீஸ் சப்போர்ட்டை 'போர் சேவை ஆதரவு' என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல்லை வரிசையாக அடுக்கியதைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஈழத்துப் போர்ச் செய்திகளில் அடிபட்ட 'வழங்கல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'வழங்கல், பராமரிப்புப் பணிகள்' என்று எழுதினால் சோறும் டீசலும் ஸ்பேனரும் அதில் அடங்கிவிடும்.