கரண்ட் போனால் மட்டும் கூப்பிடாதீர்கள்

ஈ.பி. ஆபீஸுக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான்: "சார், கரண்ட் எப்ப வரும்?" கேட்பதில் தப்பே இல்லை, பணம் கட்டுகிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பொறியாளராக எனக்கு உள்ள பெரிய கவலை, கரண்ட் இருக்கும்போதே வர வேண்டிய போன்கள் வராமல் போவதுதான். உயிரைக் காப்பாற்றுகிற போன்கள் அவைதான்.

முதலில் நியூட்ரல், அதாவது வீட்டுக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி. ஒரு நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிகிறது, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, அதே நேரம் பக்கத்து வீட்டில் பல்பு அழுது வடிகிறது என்றால், அது "இன்னிக்கு கரண்ட் ஹையா வருது" என்று சொல்லிவிட்டு விடுகிற விஷயம் இல்லை. தெருவில் எங்கேயோ நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது அதன் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் ஓடுகிற தெருவில் அந்த நியூட்ரல் போனால், எந்தப் பேஸில் லோடு குறைவோ அந்த வீடுகளுக்கு 230 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 400க்குப் பக்கமாகவே போகலாம். ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாம் சில நிமிஷத்தில் புகைந்துவிடும். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன் செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அணைக்கச் சொல்லுங்கள். போனில் "நியூட்ரல் போச்சு போல இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும், லைன்மேன் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தே கிளம்புவார்.

அடுத்தது அறுந்து விழுந்த கம்பி. கம்பி கீழே விழுந்தால் தானாகவே டிரிப் ஆகி கரண்ட் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பல நேரம் நிற்கும். ஆனால் காய்ந்த மண்ணிலோ மணலிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் பிரேக்கரைத் தட்டிவிடும் அளவுக்கு மின்சாரம் தரையில் இறங்காமல் போகலாம், கம்பி உயிரோடு அப்படியே கிடக்கும். டிரிப் ஆனாலும்கூட, பழுது என்ன என்று தெரியாத நிலையில் துணை மின்நிலையத்தில் ஒரு தடவை திரும்ப லைனுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது உண்டு. நீங்கள் தள்ளிவிடலாம் என்று குச்சியோடு போகிற அந்த நிமிஷத்தில்கூட அது நடக்கலாம். அதனால் கிட்டே போகாதீர்கள், ஆடு மாடு, பிள்ளைகள் யாரையும் போக விடாதீர்கள், ஒருவர் தள்ளி நின்று காவல் இருக்க இன்னொருவர் போன் செய்யட்டும். ஈரத்தில் என்றால் இன்னும் அதிகம் தள்ளி நிற்க வேண்டும், ஏனென்றால் கம்பியைச் சுற்றி இருக்கும் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும்.

இப்போது எங்கள் ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன், இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்பு எல்.சி. வாங்குவார், அதாவது இந்த லைனில் சப்ளை இல்லை, வேலை செய்யலாம் என்ற அனுமதி. அப்புறம் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராட் மாட்டிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். இவ்வளவும் செய்தாலும், கீழே ஒரு கல்யாண மண்டபத்திலோ கடையிலோ வீட்டிலோ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈ.பி. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று மட்டுமே வயரிங்கில் சேரும்படி மாற்றுகிற சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரை நேராக வயரிங்கில் கொடுத்திருந்தால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே வந்துவிடும். அது டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேர்ந்தால் கதை இன்னும் மோசம். 11,000 வோல்ட்டைக் குறைத்து உங்களுக்குக் கொடுக்கிற அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கத்திலிருந்து சப்ளை வந்தால் அதை 11,000 பக்கமாக ஏற்றிவிடும். ஊரே இருட்டாக இருக்கும்போது கம்பத்தில் நிற்கிறவர் அதை எதிர்பார்க்கவே முடியாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் போட்டுக்கொள்ளுங்கள். போட்டது சரியா என்று சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் வந்து கேளுங்கள்.

திருவிழாக்களுக்கு வருவோம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் சப்பரம், பல்லக்கு, சாமி ஊர்வலம் போகிற வழியையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லாத ஊர்கள் இருக்கின்றன என்பதுதான் வேதனை. தெருவின் குறுக்கே போகும் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தால் கம்பி அப்படியே இருக்கும், தரை மேலே வந்துவிடும். அதன்மேல் தேருக்கு இந்த வருஷம் புதிதாக ஒரு அலங்காரம், மேலே சீரியல் செட்! விழாக் கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தால், உயரத்தை அளந்து பார்த்து, தேர் கடக்கும் நேரத்துக்கு லைனை நிறுத்தி, கூடவே ஆளும் அனுப்ப முடியும். ரகசியமாகக் கொக்கி போட்டு விளக்கு எரிக்காமல் தற்காலிக இணைப்பு வாங்கிக்கொண்டால் பந்தலுக்கும் பாதுகாப்பு.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இதேதான். 11 கே.வி. லைனுக்கும் சுவருக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். பால்கனியை இழுத்துக் கட்டிவிட்டு அப்புறம் கம்பியைத் தள்ளிப் போடச் சொல்வதைவிட, அஸ்திவாரம் போடும்போதே வந்து விண்ணப்பித்தால் எஸ்டிமேட் போட்டு, பணம் கட்டி, டெபாசிட் ஒர்க்காக, அதாவது உங்கள் செலவில் நாங்கள் செய்யும் வேலையாக, லைனை மாற்றிக்கொள்ளலாம். கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டுவது, கம்பத்தில் துணிக்கொடி கட்டுவது, இதெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாலும் மழைக்காலம் வரும்போதெல்லாம் மறுபடி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மக்கள் எங்களோடு சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டியது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், ஆனால் கிரேன் இறங்க முடியாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்ததில் ஊர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர்களே சோறும் போட்டார்கள். அந்த ஒத்துழைப்பில் கொஞ்சம் சாதாரண நாட்களிலும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு அன்று மரக்கிளை வெட்ட வந்தால் சண்டைக்கு வராதீர்கள். அன்று வெட்டாத கிளைதான் ஐப்பசி மழையில் உங்கள் தெருவை ராத்திரி முழுக்க இருட்டில் வைக்கும்.

சரி, இவ்வளவும் செய்தும் புகாரை யாரும் கவனிக்கவில்லை என்றால்? 1957இல் மின்சார வாரியமாகத் தொடங்கியது, 2010இல் கழகமாக மாறி, 2024இல் மின் பகிர்மானத்துக்கென்று தனிக் கழகம் வந்துவிட்டது. இதெல்லாம் உங்களைக் குழப்ப வேண்டாம், உங்கள் முதல் வாசல் பிரிவு அலுவலகம்தான். அங்கே போன் எடுக்கவில்லையா, 2021இலிருந்து இயங்கும் மின்னகம் என்ற மின் நுகர்வோர் சேவை மையத்துக்கு எந்நேரமும் 94987 94987 என்ற எண்ணில் பேசலாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், அதை மீட்டர் பெட்டி மேலேயே பெயிண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பில் தகராறு, பெயர் மாற்றத்தில் தாமதம் மாதிரியானவற்றுக்கு மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் குறைதீர் கூட்டங்கள் உண்டு, எங்கே எந்தத் தேதி என்று பேப்பரில் வரும். அங்கேயும் தீரவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். இவை 2003 மின்சாரச் சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை. எந்த வேலைக்கு எவ்வளவு கால அவகாசம் என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்திருக்கிறது, தாண்டினால் இழப்பீடு கேட்கலாம். கேட்கும்போது தேதியும் புகார் எண்ணும் கையில் இருக்கட்டும், அவை இருந்தால் எந்த அதிகாரியும் உங்கள் மனுவைச் சும்மா ஒதுக்கிவைக்க முடியாது.