கடிவாளமும் நாணயக்கயிறும்

பெரியப்பா சவாரி மாடு பழக்கும்போது நாணயக்கயிற்றை இரண்டு விரலுக்கு நடுவில்தான் பிடிப்பார். "இழுக்காதை தம்பி, தொட்டுக் காட்டு. தலையைத் திருப்பினதும் விட்டிடு" என்பார். மூக்குத் துவாரங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சதைக்குள்ளால் ஓடும் கயிறு அது. அவ்வளவு பெரிய மாடு அந்தச் சிறு தொடுகைக்குத் திரும்பும்.

வன்னியில் குதிரை அபூர்வம். நெடுந்தீவுக் கட்டைக்குதிரையைப் பார்க்கவே படகேற வேண்டும். நுவரெலியாவில் குதிரை வைத்திருந்த ஒருவர் அதன் உதட்டை விலக்கிக் காட்டியபோதுதான் கடிவாளம் எங்கே உட்காருகிறது என்று எனக்குப் புரிந்தது. முன்பல் வரிசைக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லில்லாத இடைவெளி. விரலை வைத்தேன். வழுவழுவென்ற ஈறு, அதன் கீழேயே எலும்பின் விளிம்பு. நாக்கின் மேலாக இந்த விளிம்பில்தான் இரும்பு படுகிறது.

இரண்டு பக்கமும் வளையம் மட்டும் உள்ள கடிவாளத்தில் கையின் இழுப்பு அப்படியே வாய்க்குப் போகும். இரும்பின் இரு நுனியிலும் மேலும் கீழுமாக நீளும் தண்டும், தாடைக்குக் கீழால் போகும் சங்கிலியும் வைத்தது வேறு கதை, அது நெம்புகோல். இரும்புக்கு மேலே தண்டு 5 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று வையுங்கள். தண்டின் கீழ் நுனியில் கட்டிய வாரை 1 கிலோ அளவுக்கு இழுத்தால் சங்கிலியில் 2 கிலோ, வாய்க்குள் 3 கிலோ. கீழ்த்தாடை நடுவில் நெரிபடும். பழகாத கையில் இதைக் கொடுக்கவே கூடாது.

இரும்பின் தடிப்பும் முக்கியம். கிணற்று வாளியின் கம்பிப் பிடி கையை அறுக்கும், துணி சுற்றினால் அறுக்காது. பாரம் அதேதான், பரப்புத்தான் கூடுகிறது. அதற்காகத் தடித்த இரும்பே நல்லது என்றும் இல்லை. குதிரையின் வாயை நாக்கே நிறைத்திருக்கும். சிறிய வாய்க்குள் தடித்த இரும்பு போனால் வாயை மூட முடியாது.

சரி, இரும்பே வேண்டாம், மூக்குப் பட்டி போதும் என்றால்? வாயில் புண், பல்லில் கோளாறு உள்ள குதிரைக்கு நல்ல வழி. ஆனால் பட்டி கீழே இறங்கினால் மூக்கெலும்பின் ஒடுங்கிய நுனியையும் அதற்கும் கீழே மெதுவான பகுதியையும் அழுத்தும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி, வாயால் விடாது. கன்னத்து எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே பட்டி நிற்பதே சரி. இரும்பில்லாத வகையிலும் தண்டு வைத்தவை உண்டு. அவற்றைவிட மென்மையான கையில் உள்ள வளையக் கடிவாளத்தையே நான் தேர்வேன்.

அழுத்தம் கேள்வி; அது உடனே விலகுவதுதான் 'நீ செய்தது சரி' என்ற பதில். குதிரை பாடம் படிப்பது அந்த விடுதலையில். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது வாயைப் பிளக்கும், தலையை உதறும், நாக்கை இரும்புக்கு மேலே தூக்கிப் போடும். பலர் அதைத் திமிர் என்று எண்ணி இன்னும் கடுமையான இரும்பைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது பல்லை. அப்புறம் இரும்புத் துண்டுகள் சேரும் மூட்டுப் பகுதியை. தேய்ந்த மூட்டில் கூர் நிற்கும்.

பெரியப்பா புதுக் கயிறு கோக்கும் முன் அதைத் தன் கீழுதட்டில் ஒருதரம் உரசிப் பார்ப்பார். சொரசொரத்தால் திரும்பவும் எண்ணெயில் போட்டுவிடுவார்.