சிவில் பாதுகாப்புக் குழு: சேருமுன், கையெழுத்து வைக்குமுன்

பொலிஸும் கிராம உத்தியோகத்தரும் அந்தப் பிரிவில் வசிப்பவர்களும் கூடிப் பேசும் குழுதான் சிவில் பாதுகாப்புக் குழு. தெரு விளக்கு, போதைப்பொருள், திருட்டு எல்லாம் அங்கே பேசப்படும். அதிகாரபூர்வ விளக்கம் இவ்வளவு போதும். சிக்கல் வாசலிலேயே தொடங்குகிறது.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கு வாக்கு யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ இருக்கும். "உங்கட பேர் இங்க இடாப்பில இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். பேசாமல் திரும்பி வராதீர்கள். எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் தயங்கினால், அந்த விலாசத்துக்கு உங்கள் பெயரில் வந்த வங்கிக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் கேளுங்கள்.

குழுவில் இருப்பதால் யாருக்கும் பொலிஸ் அதிகாரம் வந்துவிடாது. உங்கள் வீட்டைச் சோதிக்கக் குழு உறுப்பினருக்கு உரிமை இல்லை. கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவரைப் பொதுமகன் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். இரவு ரோந்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைச் சொல்லி அனுப்புங்கள். பிடிபட்டவனுக்கு அடித்தால் வழக்கு உங்கள் பிள்ளைமேல்தான் வரும். வீட்டிலிருப்போரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் கேட்டு யாராவது தாளோடு வந்தால் அவர் கையில் கொடுக்காதீர்கள். பொலிஸ் நிலையத்துக்கே நேரில் போய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

அடுத்தது விளக்கு. மாநகர சபையிடம் போனால் தூண் மின்சார சபையுடையது என்பார்கள். மின்சார சபையிடம் போனால் விளக்கு மாநகர சபையுடையது என்பார்கள். புறக்கோட்டைக் கடைகளில் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வரும் பெண்கள், இந்த இழுபறி முடியும்வரை கைபேசி வெளிச்சத்தில் ஒழுங்கையைக் கடக்கிறார்கள். கொழும்பு நகருக்குள் பொதுத் தெரு விளக்கு மாநகர சபையின் பொறுப்பு. தூணில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாய்ச் சொல்லுக்குக் கோப்பு கிடையாது. உங்களுடையது தனியார் ஒழுங்கையா என்பதை முதலிலேயே உறுதிசெய்யுங்கள். அப்படியென்றால் கையை விரித்துவிடுவார்கள். தொடர்மாடியின் படிக்கட்டு விளக்குக்கும் மாநகர சபையிடம் அலைய வேண்டாம், அந்தத் தொடர்மாடியைப் பராமரிக்கும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தைப் பிடியுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போதுதான் நம் சனம் அதிகம் ஏமாறுகிறது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்து வையுங்கோ அம்மா" என்பார்கள். பயத்தில் வைத்துவிட்டு வருவார்கள், சொன்னது ஒன்று, எழுதியிருப்பது வேறொன்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் அதிகாரியோடு தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். இல்லையென்றால் தமிழில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள். எடுக்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கடிதம் போட்டும் சத்தமே இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை?" என்று அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்த கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு உங்களுக்கு இருப்பது 14 நாட்கள்தான். "அடுத்த கிழமை வாங்கோ" என்பதை நம்பி அதைக் கடத்திவிடாதீர்கள்.