நர்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு: ஊனத்தின் வரலாறு கொஞ்சம்

பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கைஜாடையிலேயே அரட்டையடித்துச் சிரிக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஊருக்குப் பழகிப்போன காட்சி. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897-இல் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோருக்கும் இங்கே பள்ளி தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம்.

அதே பிள்ளை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் நடப்பது வேறு. பதினாறு வயதுப் பையன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், நம் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். நாம் அவன் அம்மாவைப் பார்த்து, “இவனுக்கு எத்தனை நாளாக் காய்ச்சல்?” என்று கேட்போம். ஒரு தாளும் பேனாவும் மேசையிலேயே கிடக்கும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பேசினால் உதட்டசைவைப் படிக்கிறவருக்கும் வழியடைத்துப் போகும். முன்னால் வந்து ஊசியைக் காட்டாமல் பின்னாலிருந்தே குத்தினால் பையன் துள்ளத்தான் செய்வான். அதற்கு “ஒத்துழைக்கவில்லை” என்று குறிப்பு எழுதும் வார்டுகள் உண்டு.

நான் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போர்ஷனில் இல்லாவிட்டாலும் முதல் வருஷத்திலேயே ஊனத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுவேன். பாடப்புத்தகம் நோயின் பெயரோடு நின்றுவிடுகிறது. தண்டுவடக் காயம், பக்கவாதம், செவித்திறன் குறைவு என்று படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த மனிதர் அதன்பிறகு எப்படி வாழ்கிறார் என்பதை வீட்டு வாசற்படியும், பஸ் படிக்கட்டும், சட்டமும், நாமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறோம். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் 7 வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியதோடு, உடலில் உள்ள குறையும் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்துதான் ஒருவரை முடக்குகின்றன என்று தன் வரையறையிலேயே சொல்கிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்று. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில்தான் வாய் திறந்தார் என்பார்கள். பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றும் செந்தூருக்குப் போகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “குமரகுருபரருக்கே அஞ்சு வயசுலதாம்மா பேச்சு வந்துச்சு” என்று சொல்லிக் காத்திருக்கும் ஆச்சிகளைப் பார்த்தால்தான் பகீரென்கிறது. காது கேட்காததால் பேச்சு வராத குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வருஷங்கள் தங்கம். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் அது. பிறந்த குழந்தைக்கே காதைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டில் செய்யவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் வயது வரம்பு உண்டு. நேர்ச்சையும் செலுத்துங்கள், காதையும் சோதித்துவிடுங்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிய வீடுகளில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்புக் கூடுதல் என்பதால் அங்கே சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி பனைக்கு வருகிறேன். பதநீர்க் காலத்தில் திசையன்விளை, உடன்குடிப் பக்கமிருந்து மரத்திலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். ஏறும்போது காலில் மாட்டும் தளைநார் நழுவியிருக்கும், அல்லது மட்டை கையோடு வந்திருக்கும். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருக்கும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எம்மா, இனி பனையேற முடியாதுல்லா?”

இவர்களில் பலரைக் கொல்வது விழுந்த அடி இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்க் கிருமித்தொற்றும்தான். முதல் உலகப் போரில் முதுகில் குண்டு பட்டவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் செத்தார்கள். தண்டுவடம் போனால் ஆயுள் அவ்வளவுதான் என்று டாக்டர்களே கைவிட்ட காலம். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றதும் அந்த எண்ணம் மாறியது. அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவானாலும் பகலானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள் என்றார். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948-இல் அங்கே 16 பேரோடு நடந்த வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. மெடல்களின் கதை எல்லாருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிப் போட்ட நர்ஸுகளையும் ஆர்டர்லிகளையும் யாரும் பேசுவதில்லை.

அதனால் மாணவிகளுக்குப் புண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது நான் அவசரப்படுவதில்லை. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் இந்த இடங்களில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. புத்தகத்துப் படமெல்லாம் வெள்ளைத் தோல். வெயிலில் கறுத்த பனையேறியின் தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கும். ஏர் பெட் போட்டுவிட்டோம் என்று திருப்பாமல் விடுவதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு முட்டுக் கொடுப்பதும் நம் வார்டுகளில் சகஜம். இரண்டும் வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைத்தால் போதும்.

குட்மன் ஜெர்மனியில் வேலை பார்த்த யூத டாக்டர். 1939-இல் உயிர் தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். அவர் கிளம்பிய அதே வருஷம் அங்கே நாஜி அரசு மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொல்லத் தொடங்கியது. 1941 ஆகஸ்டுக்குள் ஆறு இடங்களில் சுமார் 70,000 பேரை விஷவாயுவால் கொன்றார்கள். அதன்பிறகும் பல ஆஸ்பத்திரிகளில் மருந்தாலும் பட்டினியாலும் கொலை தொடர்ந்தது. அளவுக்கு மீறி மருந்து கொடுத்தவர்களில் நர்ஸுகளும் இருந்தார்கள். பின்னாளில் நீதிமன்றத்தில், டாக்டர் சொன்னதைச் செய்தோம் என்றார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய 28 மனநோயாளிகளையும் சேர்த்தே சொல்கிறேன், அது தூர தேசம் இல்லையே.

டிஸ்சார்ஜ் ஆகிற குடும்பத்திடம் நான் தவறாமல் சொல்கிற பெயர் ஆய்க்குடி. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், சொந்த ஊரில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தென்காசிப் பக்கம் போனால் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு வாழ்க்கை உண்டா என்று கேட்கிற குடும்பத்துக்கு என் பேச்சைவிட அந்த வளாகம் நன்றாகப் பதில் சொல்லும்.

சரி, ஊனமுள்ள ஒரு பெண்ணே நர்ஸாக வரலாமா? ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் பல வருஷம் நோயாளியாகப் படுக்கையிலும் அறைக்குள்ளுமாகவே இருந்தார். 1860-இல் லண்டனில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி தொடங்கியபோதும் நிலை அதுதான். இன்றைய மெடிக்கல் ஃபிட்னஸ் சான்றிதழ் அவருக்குக் கிடைத்திருக்காது. எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த சிஸ்டர் ஒருவருக்குப் போலியோவால் ஒரு கால் சூம்பியிருந்தது. மருந்துக்காக இரண்டாம் முறை நர்ஸ் ஸ்டேஷனுக்கு நடக்கக் கூடாது என்று டிராலியைப் படுக்கை வரிசைப்படி அடுக்கிவைப்பார். மருந்து மாறிப்போகும் ஆபத்தும் அதில் குறைந்ததால் வார்டு முழுக்க அதையே பின்பற்றினோம்.

விதியும் குறுகலாகத்தான் இருந்து வந்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் நெடுங்காலமாக ஊனமுற்றோர் ஒதுக்கீட்டைக் காலில் 40 முதல் 50 சதவீத இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே வகுத்திருந்தது. டாக்டர் படிப்பில் சதவீதக் கணக்கை மட்டும் வைத்து இடம் மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நர்சிங்கிலும் அதே அளவுகோல் வர வேண்டும் என்பது என் கட்சி. எல்லா வேலையையும் எல்லாராலும் செய்ய முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு ஒத்துவராதவருக்குத் தடுப்பூசி, ஆலோசனை, பயிற்சி என்று எத்தனையோ பிரிவுகள் உண்டு.

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். டிப்ளமோ மூன்று வருஷம். முடித்ததும் தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிய வேண்டும். ஊனம் உள்ள பெண் என்றால் இதற்கெல்லாம் முன்னால் யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது ஊனமுற்றோருக்கான அரசு அடையாள அட்டை. நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பெண் பிள்ளைக்கு மட்டும் சான்றிதழ் வாங்காமல் விட்டுவிடுவார்கள். சான்றிதழ் பீரோவுக்குள்தான் இருக்கப்போகிறது, கல்யாணப் பத்திரிகையில் அச்சாகாது. கவுன்சிலிங் தேதி வந்தபிறகு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கும் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கும் அலைந்தால் மெடிக்கல் போர்டு கூடும் நாளுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. ப்ளஸ் டூ தொடங்கும்போதே வாங்கிவிடுங்கள்.