புரூட்: எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல்?

பழைய ஆங்கிலத்தில் 'ப்ரோட்' என்றிருந்த சொல் இன்று 'புரூட்' (brood). இனவிருத்தியைக் குறிக்கும் 'பிரீட்' (breed) இதன் உடன்பிறந்த சொல். இரண்டுக்கும் அடியில் இருப்பது சூடு.

பெயர்ச்சொல்லாக வந்தால், ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள். இதை 'ஈற்று' என்று எழுதுவது சரியல்ல. அது ஆடுமாடு ஈனுவதற்குரியது. வினையாக வந்தால் அடைகாத்தல். அடைக்கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும், கிட்டே போனால் சிலிர்த்துக் கொத்தும். அதன் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, வெறுந்தோல் முட்டைமேல் படும். அந்த இடத்தை 'அடைத்திட்டு' எனலாம்.

பண்ணைக்காரர்கள் சொல்லும் 'புரூடிங்' வேறு. அது பொரித்த பிறகு குஞ்சுக்குக் கொடுக்கும் கதகதப்பு. அதையும் 'அடைகாத்தல்' என்று மொழிபெயர்ப்பது ஆபத்து. முட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் கோழிமுட்டைக்கு 21 நாளும் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரிலோ முதல் வாரம் சுமார் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைக்க வேண்டும். சொல் குழம்பினால் சூடும் குழம்பும், குஞ்சு சாகும். தெர்மாமீட்டரோடு குஞ்சுகளையும் பாருங்கள்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், விலகிப் போய் வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் காற்று புகுகிறது. 'குஞ்சணைப்பு' என்பதே இதற்குப் பொருத்தம். தாய்க்கோழி இறக்கைக்குள் செய்வதும் அதுதான்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து, மனத்துக்குள் ஒன்றையே நினைத்துப் புழுங்குவதற்கும் 'புரூட்' வந்தது. 'சிந்தித்தல்' போதாது, 'குமைதல்' சரி.

தேனீ வளர்ப்பில் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் சேர்ந்தே புரூட். 'இளம்புழு' என்றால் முட்டை விடுபடும், 'இளவுயிர்கள்' என்பதே நிறைவு. அவை இருக்கும் மெழுகடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது தாய்லாந்து 'சாக்புரூட்' வைரஸ். 'சாக்' என்பது பை. நோய்ப்பட்ட புழு அறைக்குள் தலை நிமிர்ந்தபடி செத்திருக்கும், இடுக்கியால் தூக்கினால் நீர் கட்டிய பையாக வரும். ஆகவே 'பைப்புழு நோய்' என்றே எழுதலாம்.