வயர்லெஸ் கேமிங் மவுஸ்: பெட்டியில் எழுதாததையும் பார்த்து வாங்குங்கள்

கம்ப்யூட்டர் துணைச் சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இப்போது என் மேசைக்கு வரும் மவுஸ்களில் பெரும்பாலானவை வயர்லெஸ் கேமிங் மவுஸ்கள். கொண்டு வருபவர்கள் அதிகமும் கல்லூரிப் பிள்ளைகள். மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கியிருப்பார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மவுஸின் அடியிலிருந்து அதன் நகர்வைப் படிக்கும் சென்சார் கெட்டுப்போய் வந்த மவுஸ்களை நான் பார்த்தது மிக அபூர்வம். கிளிக் சுவிட்ச், பேட்டரி, டாங்கிள் (மவுஸின் சிக்னலை வாங்க யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் சின்னத் துண்டு), ஸ்க்ரோல் சக்கரம் ஆகிய நான்கில் ஒன்றுதான் வழக்கமாகக் காரணமாக இருக்கும். ஆனால் வாங்கும்போது எல்லோரும் முதலில் ஒப்பிடுவது சென்சாரின் டிபிஐ எண்ணைத்தான்.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை புள்ளிகளாகக் கணக்குச் சொல்கிறது என்பது. வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடுபவர் 800 டிபிஐயும் விளையாட்டுக்குள் 0.35 சென்சிட்டிவிட்டியும் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற அவர் மவுஸைச் சுமார் 47 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். அதே சென்சிட்டிவிட்டியில் 26,000 டிபிஐ வைத்தால் அந்த முழுச் சுற்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட வேண்டாம். அப்படி யாராலும் குறி வைக்க முடியாது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400 முதல் 1600 டிபிஐக்குள்தான் ஆடுகிறார்கள். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3370, 3395, லாஜிடெக்கின் ஹீரோ போன்ற சென்சார்கள் இந்த அளவில் எல்லாமே சுத்தமாக வேலை செய்யும். இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சென்சாரைப் பற்றிய கவலையை அத்தோடு விட்டுவிடலாம். சென்சாரின் பெயரே சொல்லாமல் டிபிஐயை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மவுஸ் எவ்வளவு அடிக்கடி தகவல் அனுப்புகிறது என்பதைச் சொல்லும் போலிங் ரேட்டும் இப்படித்தான். 1000 ஹெர்ட்ஸ் என்றால் மவுஸ் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்கிறது. 8000 ஹெர்ட்ஸில் 0.125 மில்லி விநாடிக்கு ஒரு முறை. மிச்சமாவது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், மாறவே கிட்டத்தட்ட 7 மில்லி விநாடி ஆகிறது. அந்தச் சிறு லாபத்துக்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ரேசர் வைப்பர் வி3 ப்ரோ மவுஸுக்கு அதன் நிறுவனமே சொல்லும் பேட்டரி நேரம் 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம், 8000 ஹெர்ட்ஸில் 17 மணி நேரம். ப்ராசஸருக்கும் வேலை கூடும். பழைய ப்ராசஸர் என்றால் மவுஸை வேகமாக வீசும்போது ஃபிரேம்கள் குறைந்து விளையாட்டு தடுமாறுவதை நீங்களே பார்க்கலாம். 1000 ஹெர்ட்ஸ் போதும் என்பது என் கருத்து.

புளூடூத்தை மட்டும் விளையாட்டுக்கு நம்பாதீர்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்தில் இரண்டு தகவல்களுக்கு நடுவே பொதுவாகக் குறைந்தது 7.5 மில்லி விநாடி இடைவெளி உண்டு. அலுவலக வேலைக்கு அது தாராளம். விளையாட்டுக்கு டாங்கிள் வழியாக வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்புதான் வேண்டும்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "அண்ணா, மவுஸ் போச்சு, நடுவுல நடுவுல திக்குது" என்று வரும் பல மவுஸ்களில் ஒரு குறையும் இருப்பதில்லை. என் மேசையில் நன்றாக ஓடும், வீட்டில்தான் திக்கும். டாங்கிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள் என்று கேட்பேன். கேபினெட்டுக்குப் பின்னால், நீல நிற போர்ட்டில் என்பார்கள். பக்கத்து போர்ட்டில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கும். கேபினெட் மேசைக்கு அடியில் இருக்கும்.

அந்த நீல போர்ட் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கும். அதில் தகவல் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் எழுப்பும் மின்காந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012லேயே இதை அளந்து ஒரு தொழில்நுட்ப ஆவணமாக வெளியிட்டது. மவுஸ் அனுப்பும் சிக்னலோ மிகச் சிறியது. பக்கத்திலேயே இவ்வளவு இரைச்சல் இருந்தால் டாங்கிளுக்கு அது காதில் விழாது. நடுவில் இரும்புக் கேபினெட் வேறு மறைக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வைஃபை ரவுட்டரும் மேசையிலேயே இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம். ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளை வாங்கி, டாங்கிளை மேசை மேல் கொண்டு வந்து மவுஸ்பேடுக்கு ஓரமாக 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். முடிந்தால் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகுங்கள். டாங்கிளுக்கு அந்த வேகமே தாராளம். கம்ப்யூட்டரின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நல்ல வயர்லெஸ் மவுஸ்களின் பெட்டியிலேயே இந்த நீட்டிப்புக் கேபிளோ, சார்ஜ் கேபிளோடு டாங்கிளை இணைக்கும் சின்ன அடாப்டரோ கொடுத்திருப்பார்கள். பலர் அது எதற்கென்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். புது மவுஸைச் சோதிக்கும்போது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பைக் காப்பி போட்டுக்கொண்டே விளையாட்டுக்குள் இருக்கும் பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பாருங்கள். அப்போதும் திக்காமல் ஓடினால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

டாங்கிளில் இன்னொரு விஷயம். அது தொலைந்து போனால் என்ன செய்வது என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில நிறுவனங்கள் டாங்கிளைத் தனியாக விற்கின்றன, அதை மவுஸோடு இணைக்க மென்பொருளும் தருகின்றன. பல மலிவு மவுஸ்களுக்கு அந்த வழியே கிடையாது. டாங்கிள் போனால் மவுஸும் போனதுதான். அடிக்கடி ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், டாங்கிளை மவுஸுக்குள் வைக்க ஓர் அறை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்து கிளிக். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது, அழுத்திப் பிடித்தால் நடுவில் விட்டுவிடுகிறது. எனக்கு வரும் பழுதுகளில் இதுதான் மிக அதிகம். சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு இன்னோர் உலோகப் புள்ளியில் போய் மோதுகிறது. மோதும்போது அது கொஞ்சம் துள்ளும். அந்தத் துள்ளலைத் தனிக் கிளிக்காக எடுக்காமலிருக்க மவுஸுக்குள் இருக்கும் நிரல் சில மில்லி விநாடி காத்திருக்கிறது. நாள்பட நாள்படத் தகடு தளரும், தொடும் இடத்தில் ஆக்சைடு படியும், துள்ளல் கூடும். பேட்டரியைச் சேமிக்க வயர்லெஸ் மவுஸ்கள் சுவிட்ச் வழியாக மிகக் குறைந்த மின்சாரத்தையே அனுப்புகின்றன. அந்தப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்ய அது போதாது. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும்.

ஆப்டிக்கல் சுவிட்சில் உலோகம் தொடும் வேலையே இல்லை. ஓர் ஒளிக்கற்றையைத் தடுத்தோ திறந்துவிட்டோ கிளிக்கைப் பதிவு செய்கிறது. அதனால் இந்த டபுள் கிளிக் நோய் அதற்குக் கிட்டத்தட்ட வராது. கிளிக் உணர்வு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், கடையில் அழுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். தினமும் பல மணி நேரம் விளையாடுபவர் என்றால் ஆப்டிக்கல் சுவிட்ச் உள்ள மவுஸைத்தான் நான் வாங்கச் சொல்வேன். மெக்கானிக்கல் சுவிட்ச் மோசம் என்றில்லை, அதைக் கழற்றி மாற்ற முடியும். சில மவுஸ்களில் சால்டரிங்கே இல்லாமல் பிடுங்கிச் சொருகும் வசதிகூட உண்டு. வாரன்டி இருக்கும்போது மட்டும் வெளியே கொடுத்துத் திறக்காதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் இரண்டு வழி இருக்கிறது. பெரும்பாலான விலை உயர்ந்த மவுஸ்களில் உள்ளே லித்தியம் பேட்டரி ஒட்டப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு குறையும், அதைத் தவிர்க்க முடியாது. மாற்றுவதற்கு மவுஸின் அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளைப் பிய்த்தால்தான் திருகாணி தெரியும். பிய்த்த பட்டை பழையபடி ஒட்டாது, புதிது வாங்க வேண்டும். லாஜிடெக் ஜி304 போன்றவற்றில் ஒரே ஒரு ஏஏ செல். அதிலேயே சுமார் 250 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். எடை 99 கிராம் வரும், ஆனால் பத்து வருடம் கழித்தும் பெட்டிக்கடையில் செல் கிடைக்கும். லித்தியம் ஏஏ செல் போட்டால் எடையில் சில கிராம் குறையும். கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த மாதிரி செல் போடும் மவுஸைத்தான்.

உள்ளே ஒட்டிய பேட்டரி உப்பினால் மவுஸின் மேல் ஓடு லேசாகத் தூக்கும், ஓடுகள் சேரும் இடத்தில் இடைவெளி தெரியும், கிளிக் இறுகும். அப்படிப் பார்த்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். இன்னொன்று, இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சில மலிவு மவுஸ்கள் சார்ஜ் ஏறாது. மவுஸில் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டதுதான் காரணம். பெட்டியோடு வந்த கேபிளைப் போட்டால் ஏறிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கைக்குப் பொருந்தாவிட்டால் அந்த மவுஸ் உங்களுக்கு உதவாது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை முழுவதும் படியப் பிடிப்பவருக்கு நீளமான, முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும். விரல்களை வளைத்தோ நுனியில் மட்டுமோ பிடிப்பவருக்குச் சிறியதும் இலேசானதும் சுகம். நண்பர் வாங்கினார், பிரபல ஆட்டக்காரர் வைத்திருக்கிறார் என்று வாங்கிவிட்டு, கட்டைவிரல் பக்க பட்டனுக்கு எட்டாமல் கஷ்டப்படுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இடதுகைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்று விற்கும் பல மவுஸ்களில் பக்க பட்டன்கள் இடப்புறம் மட்டும்தான் இருக்கும். எடையைப் பொறுத்தவரை, 2018ல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம். இன்று 60 கிராமுக்குக் கீழேயே பல இருக்கின்றன. 80க்குக் கீழே வந்துவிட்டால் அதற்கப்புறம் எடையைவிட வடிவத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். விரலில் மரத்துப்போதலோ மணிக்கட்டில் வலியோ தொடர்ந்தால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2016ல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம், பல பிராண்டுகளின் வயர்லெஸ் டாங்கிள் வழியாகத் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டருக்குள் விசைகளைத் தட்ட முடியும் என்று காட்டியது. ஃபர்ம்வேர், அதாவது மவுஸுக்கும் டாங்கிளுக்கும் உள்ளே இருக்கும் நிரல், அதற்குப் புதுப்பிப்பு தரும் நிறுவனமா என்று பார்ப்பது இதற்காகவும்தான்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துவிட்டு, பெயின்ட்டில் மெதுவாகச் சாய்கோடுகள் போட்டுப் பாருங்கள். கோடு நடுங்கக் கூடாது, தானாக நேராகவும் கூடாது. ஒரு கோப்பை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப் முழுக்க இழுங்கள், நடுவில் கைவிடக் கூடாது. மவுஸுக்கு அடியில் சென்சாரை மறைக்காமல், இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு பழைய சிடிகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். ஒரு சிடி 1.2 மில்லிமீட்டர் கனம். இரண்டு சிடி உயரத்திலும் பாயின்டர் நகர்ந்தால், மவுஸைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் குறி விலகும். சக்கரத்தை ஒரே பக்கமாக வேகமாகச் சுழற்றுங்கள். திரையில் ஓடும் பக்கம் எதிர்த்திசையில் ஒரு முறை துள்ளினாலும் திருப்பி அனுப்புங்கள்.

பழைய மவுஸ் வாங்குவதானாலும் இதே சோதனைதான். கூடவே அதன் டாங்கிளைக் கையில் வாங்கிச் சொருகிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 'புளூடூத்ல ஓடுது, டாங்கிள் வீட்ல இருக்கு, அப்புறம் தரேன்' என்று சொன்னால் அன்றைக்கு வாங்காதீர்கள்.