சத்தம் கேக்குது, கதைதான் விளங்குதில்லை

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அப்பா இணுவில் பக்கம் தவில் வித்துவான், நாற்பது வருட வாசிப்பு. மெல்லக் கதைத்தால் "என்ன, என்ன?" என்கிறாராம். கொஞ்சம் உரத்துச் சொன்னால், "ஏன் பிள்ளை கத்துறாய், நான் என்ன செவிடே?" என்று பாய்கிறாராம். "சத்தம் கேக்குது, கதைதான் விளங்குதில்லை" என்பது அவருடைய முறைப்பாடு. அப்பா நடிக்கிறாரா என்று கேட்கிறார் மகள்.

நடிக்கவில்லை. உட்காதில் நடந்திருப்பதை எந்த வைத்தியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

செவிப்பறை, அதற்குப் பின்னால் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்று மூன்று சின்ன எலும்புகள். ஓ.எல். பரீட்சைக்குப் படம் கீறிப் பாகம் குறித்தவைதான், விட்டுவிடுவோம். அதிர்வு போய்ச் சேருமிடம் நத்தைச்சுருள். ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. நீட்டிப் பிடித்தால் 35 மில்லிமீற்றர் வரும். உள்ளே திரவம், நீளத்துக்கு ஒரு மென்தகடு. கீச்சுச் சத்தங்கள் வாசலிலேயே தகட்டை அசைக்கும், கனத்த சத்தங்கள் உச்சி வரை போகும். இந்த அலையைக் கண்டு சொன்ன பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அவர் பார்த்தது இறந்தவர்களின் காதுகளை. அங்கே அலை மொண்ணையாகப் பரவியது. உயிருள்ள காதோ நெருங்கிய சுருதிகளையும் பிரித்து அறிகிறது. பின்னாளில் வானியலாளராகப் பெயரெடுத்த தோமஸ் கோல்ட், 1948இலேயே ஒன்று சொன்னார்: காதுக்குள் ஒரு பெருக்கி இருக்க வேண்டும், இருந்தால் காதிலிருந்தே சத்தம் வெளியே வரவும் கூடும். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1978இல் டேவிட் கெம்ப் காதுத் துவாரத்தில் சின்ன ஒலிவாங்கியை வைத்துப் பார்த்தார். சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தின் சொந்தக்காரர் மயிர்க்கலங்கள். உள்வரிசையில் சுமார் 3,500. அவை மூளைக்குச் செய்தி சொல்பவை. வெளிப்பக்கம் மூன்று வரிசையில் சுமார் 12,000. இந்த வெளிக்கலங்கள்தான் ஆட்டக்காரர். ஒவ்வொன்றின் தலையிலும் படிக்கட்டுப்போல உயரம் கூடிக்கொண்டே போகும் நுண்மயிர்கள். குட்டை மயிரின் நுனியிலிருந்து பக்கத்து நெட்டை மயிருக்கு ஒரு நூல் ஓடுகிறது. மயிர்க்கட்டு நெட்டைப் பக்கம் சாய, நூல் இழுபடும். நுனியில் ஒரு கதவு திறக்கும். பொற்றாசியம் அயன்கள் உள்ளே பாயும். நூல் கட்டிக் கதவு திறக்கிற வேலை! கண்ணைப்போலப் படிப்படியான இரசாயனத் தாக்கங்களுக்குக் காத்திருக்கக் காதுக்கு நேரமில்லை. அயன் புகுந்ததும் கலத்தின் மின்னழுத்தம் மாறுகிறது. கலத்தின் பக்கச்சுவர் நெடுகப் பதிந்திருக்கும் பிரெஸ்ரின் என்ற புரதம் அதற்கேற்ப வடிவம் மாற, கலம் குட்டையாகும், உடனே நீளும், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை. அந்த உந்தலில் தகடு இன்னும் பலமாக ஆடுகிறது. தனியே பிரித்தெடுத்த ஒற்றைக் கலத்துக்குப் பாட்டொன்றின் மின்குறிகளை ஊட்டி, அது தாளத்துக்கு ஆடுவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்திருப்பேனோ, அலுக்கவில்லை.

இந்த ஆட்டம் மெல்லிய சத்தத்தை 40 முதல் 60 டெசிபெல் வரை தூக்கிக் கொடுக்கும். பெரிய சத்தத்துக்குத் தூக்கல் கிட்டத்தட்ட இல்லை. சரி, ஆட்டக்காரர் செத்துப்போனால்? மெல்லியது கேட்காது, பெரியது முன்போலவே பெரிதாகக் கேட்கும். அப்பா "என்ன" என்பதும் "ஏன் கத்துறாய்" என்பதும் ஒரே சேதத்தின் இரண்டு முகம். அதோடு, பெருஞ்சத்தத்தில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹேர்ட்ஸ் பக்கம். உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை தப்பும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மேற்சுருதி போய்விடும். கடை, தடை, சடை மூன்றும் ஒன்றாகும். சத்தம் இருக்கும், கதை இருக்காது.

எவ்வளவு சத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று தொழிலிடங்களுக்குப் பல நாடுகளில் சொல்லும் கணக்கு, 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் பதினைந்து நிமிடந்தான். நம்மூரில் தவில் சமா பதினைந்து நிமிடத்திலா முடிகிறது? விடிய எழும்பும்போது காது இரைச்சல் போயிருந்தால் எல்லாம் சுகம் என்று நினைப்போம். எலிகளில் செய்து 2009இல் வெளியான ஆய்வு அந்த நிம்மதியையும் கெடுத்தது: கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும், உட்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறக்குறையப் பாதி அழிந்திருந்தது.

இதற்கு மருந்தாக உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விடுகிறோம். எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். மயிர்க்கலம் அதற்கு அப்பால், மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் இருக்கிறது. பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போகும், அது இன்னும் மோசம். கண்ணூறு கழித்தால் எண்ணெயளவு ஆபத்தாவது இல்லை.

நமக்கு இந்தக் கலங்கள் பிறக்குமுன் முளைத்ததோடு சரி. கோழிக்குத் திரும்ப முளைக்கும்! சத்தத்தில் அழிந்த கலங்கள் கோழிக்குஞ்சில் மறுபடி வருவது 1988இல் உறுதியானது. கோழிக்காதுக்கு எதற்குக் காசு என்று அன்று யாரும் ஆய்வை நிறுத்தாதது நல்லதாய்ப் போயிற்று. மனிதக் காதில் அதே வித்தையை எழுப்பப் பார்க்கும் ஆய்வுகள் அங்கிருந்துதான் கிளைத்தன.

மகளுக்கு எழுதினேன்: கத்தவேண்டாம், முகத்துக்கு நேரே நின்று ஆறுதலாகக் கதையுங்கள், கேட்டல் பரிசோதனை செய்து, மெல்லியதைக் கூட்டிப் பெரியதைக் கூட்டாத கேட்கும் கருவி பொருந்துமா என்று பாருங்கள், மிச்சமிருப்பதைக் காக்கக் காதடைப்பான் போடச் சொல்லுங்கள். அடுத்த நாளே பதில் வந்தது. "காதை அடைச்சால் சுருதியும் தாளமும் எப்பிடிப் பிடிக்கிறது எண்டு அப்பா கேக்கிறார்." நியாயமான கேள்வி. பஞ்சு மேற்சுருதியை அதிகமாக விழுங்கும். இசைக்காரருக்கென்று செய்யும் அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும், நாதம் கலையாது. ஒரு சோடி வாங்கி, முதலில் வீட்டில் சாதகம் செய்யும்போது போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.